பூசைத் தட்டில் ஒரு பிஸ்டல்

ஜேர்மனியில் உள்ள அத்தனை தமிழர்களையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி, "நாலு பிஸ்டல் வைத்திருந்தும் ஒரு எலியைக்கூடப் பயமுறுத்தாதவர் உங்களில் யார்?" என்று கேட்டால் ஒரே ஒருவர்தான் கையைத் தூக்குவார். அதுவும் உடனே தூக்கமாட்டார். "எலி எவ்வளவு தூரத்திலை நிக்குது எண்டு முதல்லை சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் டோர்ட்மண்டில் யாருக்கும் நினைவில் இல்லை. ஆறு முப்பத்தஞ்சு அண்ணை என்றால்தான் தெரியும். காலையில் அந்த நேரத்துப் பேருந்தைப் பிடிக்கிறவர் போலும் என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு துப்பாக்கி ரவையின் அளவு. ஆறு தசம் மூன்று ஐந்து மில்லிமீற்றர். அந்தக் காலத்துக் கனவான்கள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்த சின்னஞ்சிறு பிஸ்டல்களுக்குரிய, சுண்டுவிரல் நுனியளவு ரவை. அதைப் பற்றி அண்ணை பேசத் தொடங்கினார் என்றால், கல்யாண வீட்டில் முதல் பந்தி முடிந்து, அடுத்த பந்தியும் முடிந்து, மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து நிற்கும் வரைக்கும் பேசுவார்.

நான் அவருக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி, அலுவலகம், பாடசாலை என்று எங்கே டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தாலும் மொழிபெயர்க்கக் கூடப் போகிறவள் நான். அண்ணைக்கு ஜேர்மன் மொழி நன்றாகவே வரும். அவருக்கு நான் தேவைப்பட்டது உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும்தான்.

அண்ணை வேலை பார்த்தது ஒரு திருகாணித் தொழிற்சாலையில். கூட வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் அவரைச் சனிக்கிழமைகளில் துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கண்பார்வை மங்கிப்போன ஒரு முதிய உறுப்பினர் இருந்தார். வாராவாரம் அவரைக் காரில் ஏற்றி இறக்குவது அண்ணையின் வேலையாயிற்று. அந்த மனிதர் சாகும்போது வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார், தம்முடைய நாலு சட்டைப்பைப் பிஸ்டல்களையும் அண்ணைக்கு எழுதிவைத்தார். கழகத்தில் பல வருடம் சுட்டுப் பழகிய அனுமதிக்காரர் என்பதால் அண்ணையால் அவற்றைச் சட்டப்படி ஏற்க முடிந்தது. சொந்தத்தில் ஒரு காணித் துண்டுகூடக் கிடைக்காத மனிதருக்குப் பரம்பரைச் சொத்தாகப் பிஸ்டல் வந்து சேர்ந்தது.

நாலுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். முதலாவது 'மாப்பிள்ளை'. வெள்ளிப் பளபளப்பு, சிப்பி பதித்த கைப்பிடி, உடம்பெல்லாம் பூவேலை. பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் முதல் வெடிக்குப் பிறகு, சுட்ட வெற்றுக்கோது வெளியே விழாமல் வாசலிலேயே நிமிர்ந்து நின்றுவிடும். அதை விரலால் தட்டிவிட்டு அடுத்த வெடி வைப்பதற்குள் எதிரே நிற்கிறவர் தேநீர் குடித்து முடித்துவிடலாம். இரண்டாவது 'கடியன்'. சற்றுப் பெரிய ரவை போடுகிறது. ஒவ்வொரு வெடிக்கும் அதன் மேல்பாகம் பின்னால் பாய்ந்து, சுடுகிறவரின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோலைக் கிழிக்கும். மூன்றாவது 'செயலாளர்'. சத்தமும் புகையும் பெரிதாக இருக்கும். ரவை எங்கே போனது என்று குறி அட்டையைப் பார்த்தால் அட்டை புத்தம் புதிதாக இருக்கும்.

நாலாவது கறுப்பி. சாயம் போய், கைப்பிடியின் ஒரு பக்கம் உடைந்து, யாரோ அதற்குச் சமையலறைப் பலகை மாதிரி ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பூட்டியிருந்தார்கள். குறிபார்க்க மேலே ஒரு கீறல், அவ்வளவுதான். "தங்கச்சி, இதைப் பாத்தா எறிஞ்சுபோடுவியள். ஆனா அஞ்சு வெடியும் உள்ளங்கை அகலத்துக்குள்ளை போய் விழும். ஒருக்காலும் அடைச்சதில்லை" என்று அண்ணை சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையை, பிள்ளை மருத்துவராகிவிட்டது என்று சொல்கிறவர்களின் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அண்ணை இந்த முறையில்தான் தரம் பிரித்தார். பார்க்க நன்றாக இருந்து கழுத்தறுத்தால் 'ஏமாத்து'. பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்து வேலை செய்தால் 'பரவாயில்லையே'. புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை ஏமாத்து. முனிசிப்பல் நூலகத்தின் பழைய லிப்ட் பரவாயில்லையே. ஒரு முறை எங்கள் தெருவில் ஒரு குடும்பம், தங்கள் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி அண்ணையிடம் விசாரித்தது. அந்தப் பையனும் திருகாணித் தொழிற்சாலையில்தான் வேலை செய்தான். அண்ணை நன்றாக யோசித்துவிட்டு, "ஆள் சின்னக் கலிபர்தான். ஆனா அடைக்காது" என்றார். பெண்ணின் தாய் படியேறி மூச்சிரைக்க என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அடைக்காது எண்டா என்ன? பெடியனுக்கு மூக்கிலை ஏதும் வருத்தமோ?"

நான் விளக்கம் சொல்லி அனுப்பினேன். கல்யாணம் நடந்தது. இன்றுவரை அடைக்கவில்லை.

கோயில் உண்டியலை ஒரு இரவு யாரோ உடைத்துவிட்டார்கள். நிர்வாகசபைத் தலைவர் பழக்கூடையோடு அண்ணை வீட்டுக்கு வந்தார். "அண்ணை, உங்கடை துவக்கோடை ரெண்டு நாள் இரவிலை வந்து வாசலிலை நிண்டீங்களெண்டா காணும்" என்றார். அண்ணை பழக்கூடையை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவைத்தார். "சட்டப்படி ஏலாது. சட்டம் விட்டாலும் சரிவராது. நான் வாசலிலை நிண்டு சுட்டா, கள்ளனைத் தவிர மற்ற எல்லாத்திலையும் படும்." தலைவர் அதோடு கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார்.

சட்டம் என்று வந்துவிட்டால் அண்ணையோடு யாரும் பேச முடியாது. பிஸ்டல் பெட்டிக்குள் பூட்டியபடி காரில் போகவேண்டும், போகிற இடத்துக்கு நேரே போகவேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர் மனைவி மலரக்கா தொலைபேசியில் எடுத்து, "வாற வழியிலை தமிழ்க்கடையிலை கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். அண்ணை தமிழ்க்கடையின் வாசலைத் தாண்டி நேரே வீட்டுக்கு வந்து, பிஸ்டல்களை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்ப அந்தக் கடைக்குப் போனார். அதற்குள் கடை பூட்டிவிட்டது. அன்று சாம்பாரில் கறிவேப்பிலை இல்லை. மலரக்கா சாம்பாரைப் பரிமாறிய விதத்தில் சட்டத்தின் மேல் அவருக்கிருந்த மரியாதை தெரிந்தது.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "அண்ணை, எங்கடை சனம் துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தது? நீங்கள் வந்த இடத்திலை இதை வச்சுக் கொஞ்சிக்கொண்டிருக்கிறியள்."

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, நான் இஞ்சை வந்து கன வருசமா என்ரை பேப்பரிலை என்ன எழுதியிருந்தது தெரியுமோ? இந்த ஆளை நாங்கள் பொறுத்துக்கொள்ளுறம் எண்டு. பக்கத்து நகரத்துக்குப் போறதெண்டாலும் கேட்டுத்தான் போகவேணும். பிறகு விசா தந்தவை, பாஸ்போட்டும் தந்தவை. ஆனா உன்னை நம்பலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. துவக்கு அனுமதிக்குத்தான் முதல்முதல் சொன்னவை. எல்லா இடமும் விசாரிச்சுப்போட்டு, இந்த ஆள் நம்பகமானவர் எண்டு அரசாங்கம் சொன்னது. சில வருசத்துக்கு ஒருக்கா திருப்பி விசாரிச்சுத் திருப்பிச் சொல்லும். ஊரிலை எங்களிட்டைத் துவக்கு இருந்தாலும் சந்தேகம், இல்லாட்டியும் சந்தேகம். இஞ்சை துவக்கு வச்சிருக்கிறன் எண்டா நம்பிக்கையான ஆள் எண்டு அர்த்தம்."

நம்பகத்தன்மை என்பதற்கு ஜேர்மன் மொழியில் வாய் நிறைய ஒரு சொல் உண்டு. துப்பாக்கிச் சட்டத்தின் அச்சாணியே அந்தச் சொல்தான். அண்ணை அதை உச்சரிக்கும்போது ஒவ்வொரு அசையையும் ருசித்து உச்சரிப்பார். அவர் பிஸ்டல்களை விரும்பவில்லை, அவற்றோடு கூட வந்த அந்த ஒரு சொல்லைத்தான் விரும்பினார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சமையலறையிலிருந்து மலரக்காவின் குரல் வந்தது. "மீன் வாங்க விட்டா மல்லித்தூளோடை வாறவர். நம்பகமாம்."

மலரக்கா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். அந்த இரும்புப் பெட்டி இருந்த சின்ன அறைக்குள் அவர் காலடி எடுத்து வைத்ததே இல்லை. அந்த அறையைக் கூட்டுவதும் துடைப்பதும் அண்ணைதான். மலரக்காவின் கடைசித் தம்பியை ஊரில் ஒரு துப்பாக்கிதான் கொண்டுபோனது. யாருடைய துப்பாக்கி என்று இன்றுவரை தெரியாது. "கனவான்கள் பொழுதுபோக்குக்கு வச்சிருந்தது, இதோடை ஒருத்தரும் சண்டைக்குப் போனதில்லை" என்று அண்ணை எத்தனை விதமாகச் சொன்னாலும், "துவக்கு துவக்குத்தான்" என்று ஒரே வரியில் மலரக்கா முடித்துவிடுவார்.

இனி நான் சொல்லப்போவது அண்ணை பென்ஷனில் போன வருடம், சரஸ்வதி பூசையன்று நடந்தது. எங்கள் கட்டடத்தில் உள்ள தமிழர் எல்லோருக்கும் மலரக்கா வீட்டில்தான் பூசை. படத்துக்கு முன்னால் கும்பம், அவல், கடலை. அதற்கு முன்னால் அவரவர் தொழிலுக்கான சாமான். மலரக்காவின் தையல் மெஷினும் கத்தரிக்கோலும், என்னுடைய அகராதி, என் மகளின் கணக்குப் புத்தகம், கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரின் பாடசாலைப் பைகள். அண்ணை வருடாவருடம் தொழிற்சாலை ஸ்பனரைக் கொண்டுவந்து வைப்பார். அந்த வருடம் ஸ்பனர் இல்லை. அது கம்பனிச் சாமான் என்பதால் கடைசி வேலை நாளில் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எல்லோரும் தங்கள் தங்கள் சாமானை வைத்து முடித்த பிறகும் அவர் வெறுங்கையோடு, எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு ஓரமாக நின்றார்.

மலரக்கா அதைப் பார்த்தார். திரியைத் திரிப்பது மாதிரிக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"இஞ்சேருங்கோ. உங்கடையிலை ஒண்டைக் கொண்டுவந்து வையுங்கோ. சின்னதா ஒண்டு."

அண்ணைக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. "உண்மையாவோ?" என்றார்.

"நான் திருப்பிச் சொல்லமாட்டன்."

சட்டத்துக்காகக் கறிவேப்பிலையைத் துறந்த மனிதர் அன்று சட்டத்தை நினைக்கவே இல்லை. உள்ளே போய், ரவைப்பெட்டி கழற்றி, குழாய் வெறுமையாக இருப்பதை இரண்டு முறை பார்த்து, வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையைத்தான் கொண்டுவருவார் என்று நான் நினைத்தேன். அவர் கொண்டுவந்தது கறுப்பியை. அகராதிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் வைத்தார். மலரக்கா சந்தனத்தைத் தொட்டு, அந்த மரத்துண்டுக் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

அப்போது வாசல் மணி அடித்தது. அவலுக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அண்ணை போய்க் கதவைத் திறந்தார்.

தோள்பையோடு ஒரு பெண் அதிகாரி நின்றார். துப்பாக்கிகள் ஒழுங்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்வையிட வந்திருப்பதாகச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டினார். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருவது வழக்கம்தான். அண்ணை வீட்டுக்கு இதற்கு முன்னும் வந்திருக்கிறார்கள், பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரம் வசதியா என்று அந்த அம்மா மரியாதையாகவே கேட்டார்.

நான் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று தமிழில் சொன்னேன். "அண்ணை, இண்டைக்கு வீட்டிலை விசேஷம், இன்னொரு நாள் வாங்கோ எண்டு சொல்லுங்கோ. சட்டத்திலை அதுக்கு இடமிருக்கு. இல்லாட்டித் துடைச்சுக்கொண்டு இருந்தனான் எண்டாவது சொல்லுங்கோ."

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "பொய் சொல்லி நம்பகத்தன்மையைக் காப்பாத்தவோ, தங்கச்சி?" என்றார். கதவை அகலத் திறந்துவிட்டார்.

அந்த அம்மா உள்ளே வந்து பார்த்தது இது: ஒரு பெண் தெய்வத்தின் படம், விளக்கு, வாழைப்பழம், தையல் மெஷின், கணக்குப் புத்தகம், நெற்றியில் பொட்டோடு ஒரு பிஸ்டல், அதற்குப் பக்கத்தில் அவலுக்காகக் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணையே தொடங்கிவிட்டார். பிஸ்டல் வெறுமையாக இருக்கிறது, ஆனால் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அறையில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். அனுமதி இல்லாத பெரியவர்களும் இருக்கிறார்கள். கதவைத் திறக்க வந்த நேரத்தில் அது தம் பார்வையில் இருக்கவில்லை. தமக்கெதிராகத் தாமே இவ்வளவு ஒழுங்காகச் சாட்சி சொல்லும் ஒருவரை அந்த அம்மா தம் உத்தியோக காலத்தில் பார்த்திருக்கமாட்டார்.

"நன்றாகச் சுடவேண்டும் என்றா ஆசீர்வாதம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

"இல்லை. இன்றைக்கு ஆயுதங்கள் வேலை செய்யக்கூடாத நாள். மெஷின் தைக்காது, பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், இதுவும் சும்மா இருக்கவேண்டும்."

"அது நல்ல ஏற்பாடுதான்" என்று அந்த அம்மா சொன்னார். ஆனால் உடனே, பிஸ்டலை இப்போதே தம் கண்முன்னால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும் என்றும் சொன்னார்.

மலரக்கா குறுக்கே வந்து நின்றார். "பூசைக்கு வச்சதை நாளைக்குத்தான் எடுக்கலாம். இடையிலை எடுக்க ஏலாது. சொல்லும், பிள்ளை."

நான் மொழிபெயர்த்தேன். நாளை வரைக்கும் அது அங்கே இருக்க முடியாது என்று அந்த அம்மா சொன்னதையும் மொழிபெயர்த்தேன். ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் சரஸ்வதி, நடுவில் நான். அண்ணை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மலரக்காதான் முடிவெடுத்தார். சரஸ்வதியின் படத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"அப்ப இவவும் அங்கை வரட்டும்."

அது ஒரு ஊர்வலமாகப் போயிற்று. முன்னால் மலரக்கா படத்தோடு, இத்தனை வருடமும் மிதிக்காத அந்த அறைக்குள் முதல் ஆளாக நுழைந்தார். பின்னால் நான் விளக்கோடு, எனக்குப் பின்னால் அண்ணை தட்டோடு, பிள்ளைகள் அவல் சட்டியோடு. கடைசியில் அரசாங்கம் தோள்பையோடு. கறுப்பி பெட்டிக்குள் போனாள். அதன் இரும்புக் கதவுக்கு மலரக்கா சந்தனம் வைத்தார், கற்பூரம் கொளுத்தினார். புகை மேலே போனதும் கூரையில் இருந்த புகை எச்சரிப்புக் கருவி அலறத் தொடங்கியது. அண்ணை கைகூப்பியபடி அசையவில்லை. கடைசியில் அந்த அதிகாரி அம்மாதான் கதிரையில் ஏறி அதை நிறுத்தினார். இறங்கி, எல்லோரையும் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் தாமும் கையைக் கூப்பினார்.

அவல் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, தாம் பார்த்ததை எழுதாமல் விட முடியாது என்றார். விசாரணை வரும், அனுமதி திரும்ப எடுக்கப்படலாம், நம்பகத்தன்மை குறித்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்றார். கடைசி வசனத்தைக் கேட்டதும் அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் கழகத்துக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "முடிவு வரேல்லை, முகத்தைக் காட்டுறது சரியில்லை" என்றார். கல்யாண வீடுகளில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவரைக் கண்டால் ஒளித்து ஓடிய ஆட்களுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. ஒருவர் வேண்டுமென்றே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணை, அந்த மாப்பிள்ளை இப்பவும் அடைக்குதோ?" என்று கேட்டுப் பார்த்தார். "அதைப் பற்றி நான் இப்ப கதைக்கிறது முறையில்லை" என்று அண்ணை தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி சொன்னாராம். அந்தப் பிஸ்டல் கதைகளை நானும் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் படியில் அவரைக் காணும்போதெல்லாம், ஏதாவது ஒன்றைச் சொல்லமாட்டாரா என்றிருந்தது.

டெர்மின் வந்தது. அண்ணையோடு மலரக்காவும் நானும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் அதே அம்மா. அண்ணை எப்போதும் போலத் தமக்கெதிராகவே பேசினார். நடந்தது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, போதாக்குறைக்கு, "ஒரு முறை கழகத்திலிருந்து வரும்போது நடுவில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். நான் மேசைக்குக் கீழே அவர் காலில் உதைத்தேன். அந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சாதகமாக ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அண்ணை.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லலாமோ எண்டு கேளும்" என்றார் மலரக்கா.

கேட்டேன். சொல்லலாம் என்றார்கள். மலரக்கா கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் துவக்குப் பிடிக்காது. நீங்கள் அதை எடுத்தாலும் நான் அழமாட்டன். ஆனா இவரை நம்பலாமோ எண்டு கேக்கிறியளாம். அதை என்னட்டைத்தான் கேக்கவேணும்" என்று தொடங்கினார். "இவர் என்னைக் கலியாணம் கட்டிப்போட்டு ரெண்டு கிழமையிலை இஞ்சை வந்தவர். என்னைக் கூப்பிட இவருக்கு விசா இல்லை. வருசக்கணக்கா இல்லை. நான் வவுனியாவிலை இருந்தன். ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு அங்கை ஒரு தொலைபேசிக் கடைக்கு எடுக்கிறன் எண்டு சொன்னவர். நான் போய்க் காத்திருப்பன், சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கும். பிறகு சண்டை வந்து நாங்கள் காட்டுப்பக்கம் ஓடினம். பாதை பூட்டிப்போட்டாங்கள். ஒரு வருசத்துக்கு மேலை நான் அந்தக் கடைக்குப் போகேல்லை. உயிரோடை இருக்கிறன் எண்டுகூட இவருக்குத் தெரியாது."

நான் துண்டு துண்டாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன். மலரக்கா எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பாதை திறந்தாப்பிறகு அந்தக் கடைக்குப் போனன். கடைக்காரர் என்னைக் கண்டிட்டு எழும்பி நிண்டார். தங்கச்சி, உம்மடை ஆள் ஒரு மாசமும் விடேல்லை எண்டார். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அதே நேரத்துக்கு எடுப்பாராம். அவ வரேல்லை எண்டு கடைக்காரர் சொன்னா, சரி, அடுத்த மாசம் எடுக்கிறன் எண்டுபோட்டு வைப்பாராம். வேறை ஒண்டும் கேக்கமாட்டாராம். செத்திட்டாவோ, இருக்கிறாவோ எண்டுகூடக் கேக்கமாட்டாராம். அடுத்த மாசம் எடுக்கிறன் எண்டு மட்டும்தான்."

இந்த இடத்தில் என் ஜேர்மன் மொழி நின்றுபோயிற்று. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதைகளை மொழிபெயர்த்தவள், 'அடுத்த மாதம்' என்ற இரண்டு சொற்களுக்குமேல் போக முடியாமல் நின்றேன். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அண்ணை சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த அம்மா பேனாவைத் திரும்ப எடுத்தார். சட்டம் கேட்கிற நம்பகத்தன்மை வேறு, இதை எழுத இந்தப் பத்திரத்தில் கட்டம் இல்லை என்றார். ஆனால் பிஸ்டல் வெறுமையாக இருந்தது, அவர் எதையும் மறைக்கவில்லை, இத்தனை வருடத்தில் வேறு பிழை இல்லை, ஆகவே எச்சரிக்கையோடு முடிக்கத் தாம் பரிந்துரைப்பதாகச் சொன்னார். பிறகு அப்படியே எழுத்திலும் வந்தது. பெற்றோல் அடித்ததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், நான் எதிரில். அனுமதி தப்பிப் பிழைத்துவிட்டது, இனிமேல் அண்ணையின் வாயை மூட முடியாது என்று நினைத்தேன். அவர் பிஸ்டல் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், மலரக்காவையும் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கடைக்காரர் உமக்கு இதைச் சொன்னவரோ?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப என்னைக் கதைக்க விட்டனீங்கள்? வாயைத் திறந்தா துவக்கு."

அண்ணை தலையை ஆட்டினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் யன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"கதைக்க ஆளில்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஒருக்கா நான் எடுக்காமல் விட்டு, அண்டைக்கு நீர் வந்து நிண்டா எண்ட பயம்."

மலரக்கா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் இருந்த கைப்பையின் மேல் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்து, அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த இரண்டு பேரையும் அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீடு வர இன்னும் மூன்று தரிப்புகள் இருந்தன. எனக்குக் கடையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்ததிலேயே இறங்கிக்கொண்டேன். தூறலில் நடந்துதான் வீட்டுக்குப் போனேன். கடையில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.